செவி இல்லாத சோதனை

இரவு பதினொன்றரை மணி. தெரு அடங்கிவிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையை நெடுநேரம் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்த தாய், சற்று முன்புதான் அதைத் தொட்டிலில் கிடத்தியிருக்கிறாள். எதிர்வீட்டில், விடியற்காலை நான்கு மணிக்குப் பால் வண்டி ஓட்டச் செல்ல வேண்டிய ஒருவர் கண்ணயர்ந்திருக்கிறார். அப்போது தெருமுனையில் வெடி வெடித்தாற்போல ஓர் ஓசை எழுகிறது. சைலன்சர் மாற்றப்பட்ட இருசக்கர வண்டி ஒன்று சன்னல் கதவுகள் அதிரத் தெருவைக் கடந்து செல்கிறது. கடப்பதற்கு அதற்குப் பத்து நொடிகூடத் தேவைப்படவில்லை. ஆயின், வீறிட்டு அழும் குழந்தை மீண்டும் உறங்க ஒரு மணி நேரமாகும். பால் வண்டிக்காரருக்கு அன்றைய உறக்கம் அவ்வளவுதான். வண்டியை ஓட்டிய இளைஞனோ அதற்குள் நெடுஞ்சாலையை எட்டியிருப்பான். தன் பின்னால் எத்தனை விளக்குகள் எரிந்தன என்பதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பாரிஸ் பெருநகரப் பகுதியில் இரைச்சலை அளந்து கண்காணிக்கும் புரூய்பாரிஃப் என்னும் அமைப்பு ஒரு கணக்கீட்டை வெளியிட்டது. சைலன்சர் மாற்றப்பட்ட ஒரே ஒரு ஸ்கூட்டர் நள்ளிரவில் அந்நகரைக் குறுக்கே கடந்து சென்றால், பத்தாயிரம் பேர் வரை உறக்கம் கலையக்கூடும் என்பதே அக்கணக்கு. குளிருக்கு அடைத்த இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் பல உள்ள நகரம் அது. காற்றுக்காகச் சன்னலைத் திறந்துவைத்து உறங்குவதும், திண்ணையும் வாசற்படியும் தெருவோடு ஒட்டியிருப்பதும் தமிழ்நாட்டு ஊர்களின் இயல்பு. இங்கே ஒலிக்கும் உறக்கத்திற்கும் இடையே பெரும்பாலும் ஒரு கொசுவலை மட்டுமே நிற்கிறது.

ஓசை, ஒலி, அரவம், ஆர்ப்பு, முழக்கம் எனச் செவிப்புலனுக்குத் தமிழில் பெயர்கள் பல. இவற்றுள் இரைச்சல் என்னும் சொல் மட்டும் எழுப்புபவரை அன்றி, கேட்பவரை வைத்தே பொருள் பெறுகிறது. வண்டியின் மீது அமர்ந்திருப்பவனுக்கு முழக்கமாக இருப்பது, சன்னலுக்குள் படுத்திருப்பவருக்கு இரைச்சல் ஆகிறது. வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

சைலன்சர் எனப்படும் ஒலியடக்கி என்ன செய்கிறது என்பதை அறிந்தால், அதைக் கழற்றுவது என்னவாகும் என்பதும் விளங்கும். எஞ்சினின் உருளைக்குள் எரிந்த வளி, வெளியேற்றும் அடைப்பு திறந்தவுடன் மிகுந்த அழுத்தத்தோடு பீறிட்டு வெளிவருகிறது. ஒவ்வொரு பீறிடலும் ஒரு சிறு வெடிப்பு. அதனை அறைகளும் துளையிட்ட குழாய்களும் கொண்ட ஒரு கூட்டுக்குள் விரிந்து பரவச் செய்தும், சுவர்களில் மோதித் திரும்பும் அலைகளைக் கொண்டு புதிய அலைகளை வலுவிழக்கச் செய்தும், கண்ணாடிப் பஞ்சில் உறிஞ்சவைத்தும் ஒலியடக்கி அடக்குகிறது. துப்பாக்கிக்கான ஒலியடக்கிக்கு 1909ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம் பின்பற்றியதும் இந்த நெறியையே. எந்திரங்களுக்கான ஒலியடக்கிகளையும் அவருடைய நிறுவனம் செய்தது. அவருடைய தந்தை எந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். வாழ்நாளெல்லாம் வெடியோசையின் அருகிலேயே இருந்து முதுமையில் கேட்கும் திறனை இழந்தவர். தந்தை எழுப்பிய ஓசையை அடக்கும் வழியை மகன் தேடினார் என்பது வரலாற்றின் சுவையான முரண்.

பட்டறைகளில் இன்று நடப்பது இதற்கு நேர்மாறான வேலை. அறைகள் உள்ள கூட்டை நீக்கிவிட்டு, ஏறக்குறைய நேர்க்குழாயாக உள்ள ஒன்றைப் பொருத்துகின்றனர். புல்லட் வண்டிக்கென ‘இந்தோரி’, ‘பஞ்சாப்’, ‘ஷார்ட் பாட்டில்’ என்றெல்லாம் பெயர்கள் வழங்குகின்றன. சிலர் பழைய சைலன்சரின் உள்ளிருக்கும் தடுப்புகளை மட்டும் அறுத்தெடுத்துவிடுகின்றனர். வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாது. ஓடும் வண்டியின் எஞ்சின் சுவிட்சை ஒரு கணம் அணைத்து மீண்டும் போட்டு, எரியாத எரிபொருள் சூடான குழாய்க்குள் சென்று பட்டாசுபோல் வெடிக்குமாறு செய்வது இன்னொரு ‘கலை’. பல வண்டிகளில் நச்சு வளியைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, கழற்றப்படும் அப்பகுதியிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே அதனோடு வெளியேறுவது ஓசை மட்டுமன்று. நச்சும் கூடவே வெளியேறுகிறது.

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லையோ என ஐயுற வேண்டியதில்லை. சட்டம் வேண்டிய அளவுக்கு உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் ஒலியடக்கி இருத்தல் வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி கூறுகிறது. இருசக்கர வண்டி ஆலையிலிருந்து வெளிவரும்போது, அதன் எஞ்சின் கொள்ளளவு 80 கன சென்டிமீட்டருக்கு மேல் 175 வரை எனில் 77 டெசிபல், அதற்கும் மேல் எனில் 80 டெசிபல் என்பதே ஒலியின் உச்ச வரம்பு. இந்த எண்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. டெசிபல் என்பது கூட்டல் கணக்கன்று. 80 என்பது 90 ஆகும்போது ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கோ அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. ‘பத்துதானே கூடியது’ என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை.

உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. இதனை உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் மீண்டும் உறுதிப்படுத்தியது. இரைச்சல், காற்று மாசு ஆகியவற்றின் வரம்பை மீறி வண்டி ஓட்டினால், முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் முடக்கலாம் என்பது 190ஆம் பிரிவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வரையறுத்துள்ளன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே வரம்பு இன்னும் ஐந்து டெசிபல் குறைவு.

இவ்விதிகளுக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியின் அபயக்குரல், அருகில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் இரைச்சலில் எவர் செவியிலும் விழாமல் போயிற்று என்னும் செய்தியே, உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட ஒலிமாசு வழக்கிற்குத் தூண்டுகோலாயிற்று. 2005 சூலையில் வெளிவந்த அதன் தீர்ப்பு, அமைதியாக வாழ்தல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. பேச்சுரிமையைக் காட்டி, கேட்க விரும்பாதவர் செவிக்குள் ஒலியைத் திணிக்க எவருக்கும் உரிமையில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. மாற்றப்பட்ட சைலன்சர்களின் இரைச்சல் குறித்து அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இத்தனை சட்டமும் தீர்ப்பும் இருந்தும் இரவின் அமைதி கலைவது ஏன்? விடையை வண்டிகளைச் சோதிக்கும் முறையில்தான் தேட வேண்டும்.

பேருந்து, லாரி, வாடகைக் கார் ஆகியவை குறித்த காலத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்று ‘எஃப்.சி.’ எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வண்டிக்கு அத்தகைய கடமை இல்லை. ஒருமுறை பதிவு செய்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு அதனை எந்த ஆய்வாளரும் அழைத்துப் பார்ப்பதில்லை. பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்கும் நாளில்தான் அது மீண்டும் ஆய்வாளர் முன் நிற்கிறது. பள்ளிச் சிறுவன் ஒருவன் தந்தையாகும் வயதை எட்டுவதற்குப் போதுமான காலம் அது.

இடைப்பட்ட காலத்தில் வண்டி சந்திக்கும் ஒரே சோதனை புகைச் சோதனை. புதிய வண்டிக்கு ஓராண்டு கழித்துத் தொடங்கி, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. பழைய வகை வண்டிகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை. பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் உள்ள சிறு கொட்டகையில் அது நடைபெறுகிறது. பணியாளர் ஆய்வுக் குழாயைச் சைலன்சரின் வாய்க்குள் செருகுகிறார். எஞ்சின் ஓடுகிறது. மாற்றப்பட்ட சைலன்சர் எனில் கொட்டகையின் தகரம் அதிர்கிறது. அருகில் நிற்போர் காதைப் பொத்திக்கொள்கின்றனர். பணியாளரும் முகம் சுளிக்கிறார். கருவியோ கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று மட்டும் எழுதிவிட்டு நிறைவடைகிறது. அவை வரம்புக்குள் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று அச்சாகி வெளிவருகிறது. குழாயின் வாயிலேயே மூக்கை வைத்த அந்தச் சோதனைக்குச் செவி மட்டும் இல்லை. ஒலியும் ஒரு மாசு என்று சட்டம் ஒப்புக்கொண்டு ஆண்டுகள் பல ஆகியும், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றில் ஒலி என்னும் சொல் இடம்பெறவில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பது நோக்கத்தக்கது. செருமனியில் இருசக்கர வண்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனைக்குச் செல்ல வேண்டும். வண்டி நின்ற நிலையில் எத்தனை டெசிபல் ஒலி எழுப்ப வேண்டும், அதை எஞ்சினின் எந்தச் சுழற்சி வேகத்தில் அளக்க வேண்டும் என்னும் இரண்டு எண்களும் அதன் பதிவு ஆவணத்திலேயே அச்சிடப்பட்டுள்ளன. பிரிட்டனில் மூன்றாண்டு நிறைந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் சோதனை. ஆய்வாளர் தம் செவியாலேயே மதிப்பிடுகிறார்; ‘சாலைப் பயன்பாட்டுக்கு அன்று’ எனப் பொறிக்கப்பட்ட சைலன்சர் கண்ணில் பட்டால் அந்த வண்டி தேறாது. சப்பானில் 250 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சோதனை உண்டு. அதற்குக் கீழ் இல்லை. பிரான்சிலோ, ஓட்டுநர் சங்கங்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 2024 ஏப்ரலில்தான் இருசக்கர வண்டிகளுக்கான சோதனை தொடங்கிற்று. ஒலியும் அதில் ஒரு பகுதி.

அந்நாடுகளில் எல்லாம் இரவுகள் அமைதியாகிவிட்டன என எண்ணினால் அது பிழை. சோதனை நாள் முன்கூட்டியே தெரிந்ததாயின், அதனை ஏய்க்கும் வழியும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வண்டியோடு வந்த சைலன்சரைப் பலர் பரணில் பத்திரப்படுத்தி வைத்து, சோதனைக்கு முதல் நாள் மாட்டி, மறுநாள் கழற்றிவிடுகின்றனர். இன்னும் சில சைலன்சர்களின் வாயில், ஒலியைக் குறைக்கும் சிறு குழல் ஒன்று ஒற்றைத் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். அது சோதனைக்குள் நுழையும்போது இருக்கும். சோதனைக்கூடத்தின் வாயிலைத் தாண்டியதும் ஓட்டுநரின் சட்டைப் பைக்குள் போய்விடும். ஏமாற்றாதவர்களும் சிக்கலுக்கு வெளியே இல்லை. வரையறுத்த வேகத்தில் அடங்கி ஒலித்து, அதைத் தாண்டியதும் மடல் திறந்து முழங்குமாறு ஆலையிலேயே அமைக்கப்பட்ட வண்டிகளும் உண்டு. இதனால் சலிப்புற்ற ஆஸ்திரியாவின் திரோல் மாநிலம், 2020 கோடையில், நின்ற நிலை ஒலி 95 டெசிபலுக்கு மேல் எனப் பதிவான வண்டிகள் சில மலைச் சாலைகளில் நுழையவே தடை விதித்தது. அவற்றுள் பல, முறையாகச் சோதனையில் தேறிய வண்டிகள் என்பது கருதத்தக்கது.

அப்படியாயின் சோதனையால் பயன் என்ன என்று கேட்கலாம். ஏய்க்கத் துணிந்தவனை எந்தச் சோதனையும் முழுமையாகத் தடுக்காது என்பது மெய். ஆனால் சைலன்சர் மாற்றும் எல்லாரும் அத்தகையோர் அல்லர். நண்பன் மாற்றினான் என்பதற்காக மாற்றியவர்களும், பட்டறைக்காரர் சொன்னதற்காக ஒப்புக்கொண்டவர்களும், பழைய வண்டியை வாங்கியபோதே மாற்றப்பட்டதைப் பெற்றவர்களும் இருக்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் கழற்றி மாட்டும் தொல்லையும் செலவும் நேரின், இவர்களில் பலர் பழைய குழாயை அப்படியே விட்டுவிடுவர். மிஞ்சும் சிலரைச் சாலையில் தேடுவது காவல்துறைக்கும் எளிதாகும்.

இரைச்சலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களுள் ஒன்று மட்டும் மறுமொழிக்கு உரியது. ‘ஓசை பெரிதாக இருந்தால் பிற வண்டிக்காரர்கள் எச்சரிக்கை அடைவர், அதனால் உயிர் காக்கப்படும்’ என்பது அது. சைலன்சரின் வாய் பின்னோக்கி இருக்கிறது. ஓசையின் பெரும்பகுதி பின்புறமே செல்கிறது. ஆபத்தோ முன்னால் இருந்து வருகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த விபத்துகளை ஆராய்ந்து ஹாரி ஹர்ட் 1981இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துக்குக் காரணமான இடர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுநரின் நேர்முன்னே, இருபுறமும் 45 பாகைக்குள் இருந்தன எனக் காட்டியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு எதிரே வரும் கார்க்காரரின் செவிக்கு எட்டுவதற்கு முன்பே அந்த ஓசை, கடந்துவந்த தெருவின் நோயாளிகள் அனைவரையும் எழுப்பியிருக்கும். உயிர்காக்க விரும்புவோருக்குத் தலைக்கவசமும் எரியும் முகப்பு விளக்கும் மலிவான வழிகள்.

புல்லட்டின் ஒலி ஒரு பண்பாடு என்பாரும் உளர். இங்கிலாந்தில் பிறந்து, 1955 முதல் சென்னையில் வேர்கொண்ட அவ்வண்டியின் நிதானமான துடிப்பை விரும்பாதவர் குறைவு. அந்தத் துடிப்பு ஆலை வகுத்த வரம்புக்குள் அடங்கியது. அதனால்தான் அது இனிமையாக இருந்தது. தவிலின் இனிமையை உணர்ந்தவர், அதன் தோலைக் கிழித்துவிட்டு அடிப்பதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. சாலையில் இரைந்து செல்லும் எல்லா வண்டிகளும் ஆசைக்காக இரைபவை அல்ல. காய்கறி மூட்டையோடு சந்தைக்குச் செல்லும் பழைய மொபெட்டின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அதை மாற்றப் பணம் சேரும்வரை அவ்வியாபாரி அப்படியே ஓட்டுகிறார். பணம் கொடுத்து இரைச்சலை வாங்கியவனையும், பணம் இல்லாததால் இரைச்சலோடு வாழ்பவரையும் ஒரே தண்டத்தால் அளப்பது முறையன்று. பின்னவருக்குத் தேவை, பழுதுபார்க்கச் சில வாரக் கால இசைவு. முன்னவனுக்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை. அவன் வீட்டுப் பரணில் மாற்றுக் குழாய் தயாராக இருக்கிறது.

நாட்டின் பல நகரங்களில், பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி, அவற்றின் மீது சாலை உருளையை ஏற்றி நசுக்கும் காட்சியைக் காவல்துறையினர் நடத்துகின்றனர். படம் எடுப்பதற்கு அது மிக நல்ல காட்சி. நசுங்கியவற்றுக்கு ஈடாக அதே மாலையில் அதே கடைத்தெருவில் புதியவை விற்கப்படுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வண்டியை முறையின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ விதிக்க இடம் தருகிறது. ஆயினும் கண்ணாடிப் பேழையில் அடுக்கி, ஓசையைக் கேட்டுத் தேர்ந்தெடுக்குமாறு அழைத்து விற்கும் கடையின் வாயிலுக்குச் சாலை உருளை சென்றதாகப் படம் எதுவும் வெளிவருவதில்லை. பத்தொன்பது வயது இளைஞனைச் சாலையோரம் நிறுத்துவதைவிட, அவனுக்கு விற்றவரிடமும் மாட்டிக்கொடுத்தவரிடமும் கேள்வி கேட்பதே பயன் தரும் தொடக்கம்.

அதற்கடுத்து வேண்டப்படுவது பெரிய ஏற்பாடும் அன்று. நின்ற வண்டியின் ஒலியை அளக்கும் முறை இந்தியத் தர நிர்ணய ஏட்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. உலக நாடுகள் பின்பற்றும் முறைப்படி, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை நிறுத்தி, எஞ்சினைக் குறித்த சுழற்சி வேகத்தில் ஓடவிட்டு அளப்பதற்கு ஒரு சில நிமிடங்களே போதும். அதற்கென வண்டிகளைப் புதிய அலுவலகம் எதற்கும் அழைக்கவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் புகைச் சோதனைக் கொட்டகைக்கு அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. குழாயின் வாயருகே ஒரு பணியாளர் குனிந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் கையில் இன்னொரு கருவியைக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் எண் தேவைப்படும். வண்டியின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது. சட்டக எண், எரிபொருள் வகை, நிறம், இருக்கைகளின் எண்ணிக்கைகூட இருக்கின்றன. ஆலையை விட்டு வெளிவந்த நாளில் அவ்வண்டி எழுப்பிய ஒலி எத்தனை டெசிபல் என்னும் ஒரு வரியை மட்டும் அதில் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.